முதியோர் உணவும் அஞ்சறைப்பெட்டியும்

புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடிப் பக்கத்திலுள்ள வடகாடு, கீரமங்கலம், சேந்தன்குடி முதலிய ஊர்களின் தோப்புகளில், தென்னை, பலா முதலிய மரங்களின்மீது மிளகுக் கொடிகள் ஏறிப் படர்ந்து காய்ப்பதைக் காணலாம். மலைநாட்டுக்கே உரியதென்று நெடுங்காலம் கருதப்பட்ட இப்பயிர், நிழலும் ஈரமும் வாய்த்தால் சமவெளியிலும் பலன் தரும் என்பதை இவ்வட்டாரக் குடியானவர்கள் அனுபவத்தில் மெய்ப்பித்திருக்கிறார்கள். மிளகை விற்றுக் கிடைக்கும் பணம் ஒரு லாபம். அதனை வீட்டிலுள்ள முதியோரின் ஆகாரத்தில் தக்கவாறு சேர்ப்பதால் உண்டாகும் நன்மை மற்றொரு லாபம். தமிழ்நாட்டில் 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். ஆகவே இரண்டாவது லாபமும் கவனிக்கத்தக்கதே.

நாவின் தளர்ச்சி

வயது ஏற ஏறக் கண்ணும் காதும் மங்குவதுபோலவே, மூக்கின் மோப்பமும் நாவின் சுவையுணர்வும் குறைகின்றன. உட்கொள்ளும் மருந்துகள் சிலவும் வாயில் உமிழ்நீரைக் குறைத்து, ருசி அறியாதபடி செய்துவிடும். இதனால் முதியவர், மற்றவர்களுக்குச் சரியாக இருக்கும் குழம்பையே உப்பில்லை என்கிறார். அல்லது பாதிச் சோற்றுடன் எழுந்துவிடுகிறார். முன்னதால் உப்பு மிகுந்து இரத்த அழுத்தம் ஏறுகிறது. பக்கவாதத்திற்கும் இருதய நோய்க்கும் சிறுநீரகக் கேட்டிற்கும் அது வழியாகிறது. பின்னதால் தசை வற்றி, நடை தளர்ந்து, கீழே விழும் அபாயம் நேருகிறது. உப்பைக் கூட்டாமல் ருசியைக் கூட்டுவதே இவ்விரண்டிற்கும் பரிகாரம். அஞ்சறைப்பெட்டியின் மெய்யான உபயோகம் இதுவே.

உப்பின் கணக்கு

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. இது ஏறக்குறைய ஒரு சிறு தேக்கரண்டி அளவாகும். வயது வந்தவர் ஐவர் உள்ள குடும்பத்திற்கு இக்கணக்குப்படி மாதத்திற்கு முக்கால் கிலோவுக்கு மேல் செலவாகக் கூடாது. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இதற்குள் அடங்கியதே. கல்லுப்பாயினும் இந்துப்பாயினும் இக்கணக்கில் வித்தியாசமில்லை. வைத்தியர் வேறு அளவு விதித்திருந்தால் அதுவே கொள்ளத்தக்கது.

உப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் முதியவர் இலையைத் தள்ளிவிடுவார். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த அளவுக்கு மிளகு, சீரகம், தனியா, இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை இவற்றின் மணத்தையும் எலுமிச்சம் புளிப்பையும் கூட்டிவருவதே முறை. சில வாரங்களில் நா அதற்குப் பழகிவிடும். மிளகையும் சீரகத்தையும் அன்றன்று வறுத்துப் பொடித்து, அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் சேர்க்கவேண்டும். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். நீர்மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டால் உப்பின் தேவை வெகுவாகக் குறையும். நெஞ்செரிச்சலும் வயிற்றுப் புண்ணும் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துச் சீரகத்தையும் தனியாவையும் கூட்டிக் கொள்ளலாம்.

மருந்துக்கு மாற்றன்று

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது பழமொழி. அதனை நம்பி, இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துவோர் பெருந்தீங்கை வரவழைத்துக் கொள்ளுகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் 1990-ஆம் வருஷம் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வெந்தயம் நீரிழிவுள்ளோரின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது உண்மையே. ஆனால் அதில் கொடுக்கப்பட்டது நாளொன்றுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடி 100 கிராம். தாளிதத்தில் இடும் ஒரு சிட்டிகையிலிருந்து அப்பலனை எதிர்பார்த்தல் தகாது.

மஞ்சளும் அவ்வாறே. மஞ்சளின் சத்து தனியே உட்கொண்டால் உடலில் மிகக் குறைவாகவே சேருகிறது. மிளகின் காரச்சத்தாகிய பைப்பரினையும் உடன் கொடுத்தால் அது பன்மடங்கு சேருகிறதென்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சி 1998-ஆம் வருஷம் காட்டியது. அதனால் பெருவிலைக்கு விற்கும் மஞ்சள், மிளகு மாத்திரைகளை வாங்கி விழுங்குதல் நன்றென்று எண்ணலாகாது. இரண்டையும் செறிவாகச் சேர்த்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு. செறிந்த பைப்பரின் வேறு சில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவையும் மாற்றவல்லது. ரசத்தில் இடும் அளவுக்கு இவ்வச்சம் வேண்டியதில்லை.

கலப்படம்

சம்பாரச் சாமான் தூயதாக இராவிடில் நன்மை தீமையாக மாறும். மஞ்சள் பளிச்சென்று தோன்ற ஈயம் கலந்த மஞ்சட்சாயம் பூசப்படுவது வங்காள தேசத்தில் 2019-ஆம் வருஷம் ஆராய்ச்சியாளர்களால் அம்பலமாயிற்று. ஈயம் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி, அதிலும் மிகையாக மினுமினுப்பதை விலக்கி, அரைத்துக் கொள்ளுதல் நன்று. மிளகுடன் பப்பாளி விதை கலப்பதுண்டு. தண்ணீரில் இட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும்.

வீட்டுக்கு நான்கு கொடி

தன் தோப்பில் விளைந்த மிளகுக்கு இச்சோதனையே தேவையில்லை. கொல்லையில் தென்னை, பலா, முருங்கை ஏதேனும் இருப்பின், மழைக்காலத் தொடக்கத்தில் மரத்தின் வடகீழ்ப்புறம் குழி எடுத்து, மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு, வேர்விட்ட இரண்டு பதியன்களை நடலாம். நிழல் மிகுந்த இடத்திற்குக் கரிமுண்டா ஏற்றது. வெளிச்சம் உள்ள இடத்திற்குப் பன்னியூர்-1 ஏற்றது. அடியில் நீர் தேங்கினால் வாடல் நோய் கொடியை மாய்த்துவிடும். கோடையில் ஈரம் காயவும் விடலாகாது. மூன்றாம் வருஷம் முதல் காய்ப்பு உண்டாகும். சரத்தில் ஓரிரு மணிகள் சிவந்ததும் பறித்து, ஒரு வாரத்திற்குக் குறையாமல் வெயிலில் உலர்த்தினால் கருமிளகு கிடைக்கும். நூறு கிலோ பச்சை மிளகு காய்ந்தபின் ஏறக்குறைய 33 கிலோ தேறும்.

நான்கு கொடிகள் செவ்வனே காய்த்தால் ஒரு குடும்பத்தின் சமையலுக்கு வருஷம் முழுவதும் மிளகு தட்டுப்படாது. உப்பு ஜாடியில் கை வைக்குமுன் அம்மிளகை நாடும் வழக்கம் வீட்டில் ஏற்பட்டு, வைத்தியர் தந்த மாத்திரையும் தவறாமல் நடந்துவருமாயின், முதியோர் ருசித்து உண்டு, தளராமல் நடமாட அது பேருதவியாகும்.