எந்தச் சிகரம் கடினமானது?

பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகம் மலைகளை உயரவாரியாக வரிசைப்படுத்தி நம்மைப் பழக்கிவிட்டமையால், மீட்டர்க் கணக்கையே கடுமையின் கணக்காகவும் கொண்டுவிடுவது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் மலையேறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்களை விசாரித்தால், 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டைக் காட்டிலும் அதற்கு 238 மீட்டர் தாழ்ந்த கே-2 சிகரம் வெகு கடினமானதென்றும், அதனினும் தாழ்ந்த அன்னபூர்ணா வெகு அபாயமானதென்றும், ஆல்ப்ஸ் மலையில் நாலாயிரம் மீட்டரைக்கூட எட்டாத ஐகரின் வடக்குச் சுவர் கைத்திறனை இவற்றைவிட அதிகமாகச் சோதிப்பதென்றும் கூறுவார்கள். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்ட தீர்ப்புகள் போலத் தோன்றினும் அப்படியல்ல; உடலின் சிரமம், உயிருக்கு அபாயம், கைத்திறனுக்குச் சோதனை ஆகிய மூன்றும் வேறு வேறு சரக்குகள்; அவற்றை ஒரே படிக்கல்லால் நிறுக்க முற்படுவதில்தான் குழப்பம் விளைகிறது.

முதலில் உடலின் சிரமத்தை எடுத்துக்கொள்வோம். எவரெஸ்டின் உச்சியிலும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் சென்னைக் கடற்கரையில் உள்ள அதே நூற்றுக்கு இருபத்தொன்றுதான். குறைந்து போவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் அங்கே ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 1981 அக்டோபரில் அமெரிக்க வைத்திய ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிட்ஸோ உச்சியில் நின்று கருவியால் அளந்தபோது அது 253 மில்லிமீட்டர் காட்டியது. விமானிகள் கையாளும் பொது அட்டவணையின்படியோ 236 மில்லிமீட்டர்தான் இருந்திருக்க வேண்டும். இந்தப் பதினேழு மில்லிமீட்டர் அற்பமானதன்று. 1978-ல் ரைன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹபேலரும் பிராணவாயுக் குப்பியின்றி எவரெஸ்டின் உச்சியை அடைந்ததற்கு இடம் கொடுத்தது அந்தச் சொற்ப மிகுதியே என்பது உடலியல் நிபுணர்களின் கருத்து.

அந்த மிகுதி எங்கிருந்து வந்ததென்றால், எவரெஸ்ட் பூமத்திய ரேகைக்கு 28 பாகைதான் வடக்கே இருப்பதிலிருந்து வந்தது. வெப்ப மண்டலத்தின் மேல் வாயுமண்டலத்தின் கீழடுக்கு பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரை பருத்திருக்க, துருவங்களின் மேலோ அது எட்டு, ஒன்பது கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஆகையால் ஒரே உயரத்தில் நின்றாலும் வடக்கே செல்லச்செல்லத் தலைக்கு மேலிருக்கும் காற்றின் சுமை குறைந்துகொண்டே போகும். அலாஸ்காவில் 63-ஆம் பாகையில் இருக்கும் தெனாலி 6,190 மீட்டர்தான் என்றாலும், அதே உயரமுள்ள ஓர் இமயச் சிகரத்தைவிட மூச்சுக்கு அது கொடியதாயிருப்பதற்கு இதுவே காரணம். குளிர்காலத்தில் இம்மலைகளில் அழுத்தம் மேலும் தாழும். ஆக, மலையின் உயரம் நிலையானதாயினும் மூச்சு உணரும் உயரம் இடத்துக்கும் மாதத்துக்கும் ஏற்ப மாறுவது.

இனிக் கைத்திறன். எவரெஸ்டின் தென்புற வழியில் கும்பு பனியாற்றின் பிளவுகளுக்குக் குறுக்கே ஒவ்வொரு வசந்தத்திலும் ஷெர்ப்பாக்கள் அலுமினிய ஏணிகளை இட்டு, அங்கிருந்து உச்சிவரை கயிறும் கட்டிவைக்கிறார்கள். பின்னால் வருபவர் அந்தக் கயிற்றில் தம் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏறலாம். கே-2 சிகரத்தில் வழக்கமான அப்ரூஸி முகட்டு வழியோ தொடக்க முதலே செங்குத்து. பாறையிடுக்கில் உடலைச் செருகி ஏறவேண்டிய இடத்தைக் கடந்து, கரும்பாறைச் சரிவுகளைத் தாண்டி, 8,200 மீட்டருக்கருகில் பாட்டில்நெக் என்ற குறுகிய இடுக்கை அடைந்தால், தலைக்கு மேலே தொங்கும் பெரும் பனிப்பாறையின் அடியில் பக்கவாட்டாக நகர்ந்துதான் போகவேண்டும். 2008 ஆகஸ்டில் அந்தப் பனிப்பாறை உடைந்து கட்டியிருந்த கயிறுகளை அறுத்துச் சென்றது. அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலுமாகப் பதினொருவர் மாண்டனர்.

அம்மலையில் இறங்குவதே ஏறுவதினும் கடினமென்பதை 1953-ல் சார்லஸ் ஹூஸ்டன் என்ற மருத்துவரின் தலைமையில் சென்ற அமெரிக்கக் குழுவினர் அறிந்தார்கள். பல நாள் புயலில் கூடாரத்துக்குள் அடைபட்டிருந்தபோது ஆர்ட் கில்கி என்பவருக்குக் காலில் இரத்தம் உறைந்துவிட, அவரைத் தூக்கப்பையில் சுற்றிக் கயிற்றில் கட்டி மெல்ல இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கால் வழுக்கினார். அவருடைய கயிறு அடுத்தவரை இழுத்தது. கயிறுகள் பின்னிக்கொள்ள, ஐவர் சரிவில் உருண்டனர். மேலே நின்ற பீட் ஷோனிங் பனிக்கோடரியை ஒரு பாறையின் பின்னே ஊன்றித் தம் இடுப்பைச் சுற்றிய கயிற்றை இறுகப் பற்ற, கில்கியோடு அந்த ஐவரின் பாரத்தையும் அந்த ஒரு கோடரி தாங்கியது. பிறகு கில்கியைச் சரிவில் பத்திரமாகக் கட்டிவைத்துவிட்டுக் கூடாரம் அமைத்துத் திரும்பியவர்கள், அவரை அங்கே காணவில்லை. பனிச்சரிவு அடித்துச் சென்றிருக்க வேண்டும். மற்ற எழுவரும் உயிரோடு கீழே வந்து சேர்ந்தார்கள்.

அபாயத்தின் கணக்கு இன்னும் விசித்திரமானது. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களுள் மனிதன் முதலில் அடைந்தது அன்னபூர்ணாவைத்தான். 1950 ஜூனில் உச்சியைத் தொட்ட மோரிஸ் எர்ஸோகும் லூயி லஷனாலும் உறைபனியில் கால்விரல்களை இழந்தனர். முதலில் பணிந்த அந்த மலையே வெகுகாலம் வரை, உச்சியைத் தொட்டோர் மூவருக்கு ஒருவர் வீதம் பலிகொண்டதாகக் கணக்கில் நின்றது; அதன் சரிவுகளில் ஓயாது விழும் பனிச்சரிவு திறமைசாலி, கற்றுக்குட்டி என்று பார்ப்பதில்லை. எவரெஸ்டில் இறந்தோர் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள். ஆனால் உச்சியை அடைந்தோர் பல்லாயிரவராகையால் விகிதம் சிறுத்துவிடுகிறது.

உயரமில்லாத மலையும் கடுமையில் குறைந்ததன்று என்பதற்கு ஐகர் நல்ல சான்று. அதன் மேற்குப் புறமாக 1858-லேயே உச்சிக்குப் போய்விட்டார்கள். 1,800 மீட்டர் நெட்டுக்குத்தான வடக்குச் சுவரோ பல உயிர்களைக் கொண்ட பின்னரே, எண்பது ஆண்டு கழித்து, 1938-ல் நால்வருக்கு வழிவிட்டது. மலை ஒன்றே, கடினம் இரண்டு. ஆல்ப்ஸ் வல்லுநர்கள் தரவரிசையை மலைக்கு இடாமல் வழிக்கு இடுவதன் நியாயம் இதுதான். டென்சிங் நார்கேயும், 1951-ல் பிரெஞ்சுக் குழுவில் காணாமற்போன இருவரைத் தேடித் தாம் ஏறிய 7,434 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவி கிழக்குச் சிகரமே எவரெஸ்டினும் கடினமாயிருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

காலமும் தீர்ப்பை மாற்றிக்கொண்டேயிருக்கிறது. குளிர்காலத்தில் ஒருவருக்கும் இடங்கொடாதிருந்த கே-2, 2021 ஜனவரியில் நேபாளத்தார் பதின்மரைத் தன் உச்சியில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டுக் கோடையிலோ, கயிறும் குப்பியும் ஷெர்ப்பாக்களின் உழைப்பும் துணைநிற்க, ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கே ஏறினர். பாறையும் சரிவும் அப்படியே இருக்க, ஏறுபவன் சுமக்கவேண்டிய பங்குதான் குறைந்திருக்கிறது. ஆகையால், எந்தச் சிகரம் கடினமானது என்று கேட்பவரை, எந்த வழியில், எந்த மாதத்தில், யார் கட்டிய கயிற்றில், எத்தனை குப்பி பிராணவாயுவோடு என்று திருப்பிக் கேட்பதே நேர்மை. இந்த நான்குக்கும் விடை வந்தபின், உயரத்தையும் ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.