செம்பனைப் பழத்தின் நிறமும் நம் மரபணுக்களும்

மாணவர்களே, பாடாங் செராய் வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்லும் லோரிகளைத் தினமும் பார்க்கிறோம். கீழே உதிர்ந்த ஒரு பழத்தை எடுத்து நசுக்கிப் பாருங்கள். விரலில் செம்மஞ்சள் நிறம் ஒட்டிக்கொள்ளும். அதுதான் பீட்டா கரோட்டின். கேரட்டில் இருப்பதும் இதுவே. நம் உடல் இதிலிருந்து வைட்டமின் ஏ தயாரிக்கிறது.

இந்த நிறத்துக்கும் கண்பார்வைக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டில் சோதிக்கப்பட்டது. அக்காலத்தில் வைட்டமின் ஏ குறைவால் தென்னிந்தியாவில் பலருக்குக் கருவிழி உலர்ந்து, மென்மையாகி, பார்வையே போனது. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அய்க்ராய்டும் சென்னைக் கண் மருத்துவர் ரைட்டும் நோயாளிகளுக்குச் சிவப்புச் செம்பனை எண்ணெயைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கண்ணைக் குணப்படுத்த உதவியதை 1937இல் வெளியிட்டார்கள்.

எண்ணெயில் உள்ள ஒரு சத்து எப்படிக் கண்ணைக் காக்கிறது? கண்ணில் வைட்டமின் ஏ இரண்டு வேலைகளைச் செய்கிறது. விழித்திரையில் ஒளியை உணர உதவுவது முதல் வேலை. அது குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். இரண்டாவது வேலை மரபணுக்களோடு தொடர்புடையது.

நம் உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. புரதங்களுக்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. ஆனால் எல்லா உயிரணுவும் எல்லா மரபணுவையும் பயன்படுத்துவதில்லை. எதை இயக்குவது, எதை அடக்குவது என்று முடிவு செய்யும் பொருள்களில் ஒன்று ரெட்டினாயிக் அமிலம். வைட்டமின் ஏ-யிலிருந்து உயிரணுவுக்குள்ளேயே இது உருவாகிறது. உயிரணுவின் உட்கருவில் இதற்கென ஓர் ஏற்பிப் புரதம் உண்டு. அமிலம் அதில் பூட்டில் சாவிபோலப் பொருந்தியதும், டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் அமர்ந்திருக்கும் அந்த ஏற்பி மரபணுவை இயக்குகிறது. இந்த ஏற்பி 1987இல் கண்டுபிடிக்கப்பட்டது. அமிலம் கிடைக்காதபோது, ஈரமாக இருக்க வேண்டிய கண்ணின் மேற்பரப்பு தோலைப்போல வறண்டு தடித்துப்போகும்.

ஹார்மோன்கள் சிலவும் இதே வழியில் வேலை செய்கின்றன. இன்சுலின் உயிரணுவின் வெளிச்சுவரில் நின்றபடியே செய்தி சொல்லும். தைராய்டு ஹார்மோனோ உள்ளே சென்று உட்கருவில் உள்ள ஏற்பியில் பொருந்தும். வைட்டமின் டியும் அப்படித்தான். அதனால் அதை ஹார்மோன் என்றே சொல்லலாம். வெயில் படும் தோலில் உருவாகி, கல்லீரலில் மாறி, பாராதைராய்டு ஹார்மோனின் கட்டளைப்படி சிறுநீரகத்தில் முழுமை பெறுகிறது.

வைட்டமின் ஏ, வைட்டமின் டி, தைராய்டு ஹார்மோன் ஆகிய மூன்றின் ஏற்பிகளும் ஆர்எக்ஸ்ஆர் என்ற ஒரே கூட்டாளிப் புரதத்தோடு ஜோடி சேர்ந்துதான் பெரும்பாலும் டிஎன்ஏவில் அமர்கின்றன. சில மரபணுக்களுக்கு வைட்டமினும் ஹார்மோனும் சேர்ந்தே கட்டளையிடுகின்றன. எலியின் பிட்யூட்டரி உயிரணுக்களில் வளர்ச்சி ஹார்மோனுக்கான மரபணுவை ரெட்டினாயிக் அமிலமும் தைராய்டு ஹார்மோனும் தூண்டுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் ஒரே சாவி எல்லா உறுப்பிலும் ஒரே வேலையைச் செய்யுமா? செய்யாது. வைட்டமின் டி குடலில் கால்சியத்தை உறிஞ்சும் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. பாராதைராய்டு சுரப்பியிலோ ஹார்மோன் மரபணுவை அடக்குகிறது. காரணம், ஒவ்வோர் உறுப்பிலும் டிஎன்ஏவின் வெவ்வேறு பகுதிகள் சுருட்டி மூடப்பட்டிருக்கின்றன. திறந்திருக்கும் பக்கத்தைத்தான் படிக்க முடியும்.

இதைத் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன்? மரபணுக்களையே தொடும் பொருள், குறைந்தாலும் ஆபத்து, மிகுந்தாலும் ஆபத்து. அளவுக்கு மிஞ்சிய வைட்டமின் ஏ மாத்திரை கல்லீரலைப் பாதிக்கும். கருவுற்ற தாயின் வயிற்றில் வளரும் குழந்தைக்கு உறுப்புக் குறைகளை உண்டாக்கும். கடுமையான முகப்பருவுக்கு மருத்துவர் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையும் இதே குடும்பம்தான். அதனால்தான் கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. தோழி சாப்பிடுகிறாள், இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

காய்கறியில் உள்ள கரோட்டின் அப்படியல்ல. உடல் தனக்குத் தேவையான அளவையே வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். முருங்கைக்கீரை, பூசணி, கேரட் ஆகியவற்றைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் கரோட்டின் நன்கு உடலில் சேரும். ஆனால் கடையில் வாங்கும் வெளிர்மஞ்சள் செம்பனை எண்ணெயை நம்பாதீர்கள். சுத்திகரிக்கும்போதே அதன் செந்நிறமும் கரோட்டினும் போய்விடுகின்றன.

வீட்டில் தம்பி தங்கை யாராவது அந்தி சாய்ந்ததும் தடுமாறி நடந்தால், விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். பெற்றோரிடம் சொல்லிக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் கண்ணைக் காப்பாற்றலாம்.