கட்டில் வந்தது, ஊர் எப்போது வரும்?

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு தனியார் விடுதியில் சாப்பாடு ஒவ்வாமல், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது சோறும் சுத்தமான இருப்பிடமும்தான்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்குப் பெரிய ஆலைகள் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான். ஆலைக்கு நிலம், ரோடு, தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டன. ஷிப்ட் முடிந்தவர் எங்கே தூங்குவார் என்று யாரும் திட்டமிடவில்லை. கம்பெனி பஸ்ஸும் கிராமத்து வாடகை அறையும்தான் அதற்கு விடையாக இருந்தன.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்த, அரசு நிறுவனமான சிப்காட்டின் குடியிருப்பு அந்தக் குறையைத் தீர்க்கும் முதல் பெரிய முயற்சி. 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர் வீதம் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். இதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆலைக்குப் பக்கத்திலேயே பாதுகாப்பாகத் தங்குவது அந்தப் பெண்களுக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை தங்கும் இடம் அது. குழந்தை இல்லை, முதியவர் இல்லை. கல்யாணம் ஆனவள் கணவனோடு அங்கே குடியிருக்க முடியாது. நெய்வேலியிலும் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பிலும் ஆலையோடு சேர்ந்து பள்ளி, மருத்துவமனை, மைதானம் எல்லாம் வளர்ந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் அதையே தங்கள் ஊர் என்றார்கள். அங்கே வேலை நிரந்தரம், அதனால் வீடும் நிலைத்தது. இங்கே ஒப்பந்த வேலையில் வேலை போன அன்றே தங்கும் இடமும் கேள்விக்குறி. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டதை இந்த வட்டாரம் மறந்திருக்காது. எனவே ஒரே கம்பெனியை நம்பாத, குடும்பத்தோடு குடியேறக்கூடிய வாடகை வீடுகளை அரசு கட்ட வேண்டும்.

அப்படி வீடு கிடைக்காதவர்கள்தான் ஒரகடம்–வாலாஜாபாத் சாலையோரத்து மனைப்பிரிவுகளுக்குப் போகிறார்கள். இது ஏரிகளின் பூமி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு நீர் போகும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் சென்னை குடிக்கும் செம்பரம்பாக்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. வழியில் ஒரு வரத்துக் கால்வாயை மண்போட்டு மேடாக்கினால், கோடையில் ஏரிக்குத் தண்ணீர் இருக்காது, ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் இருக்கும். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015 வெள்ளத்தில் அதை அனுபவித்துவிட்டன.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக ஒப்படைத்தே ஆக வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு கட்டட விதி. அந்த நிலம் வேலியும் பூட்டுமாகக் கிடந்தால் யாருக்குப் பயன்? விளையாட்டுத் திடலும் நிழல் மரமும் அதில் வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் அங்கே குடியேறுகிறவர்கள்தான். கிராம சபை அதற்கான இடம்.

மனை வாங்கப் போகும் தொழிலாளி நண்பர்களே, முன்பணம் கொடுப்பதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேளுங்கள். உங்கள் சர்வே எண்ணில் ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.