ஸ்பீக்கரைக் காக்கும் கெப்பாசிட்டர்

பாட்டு எதுவும் போடாதபோதே உங்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் கேட்கிறதா? உடனே சவுண்ட் கார்டைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பீக்கர் பெட்டிக்குள் உள்ள ஆம்ப்ளிபயரின் கெப்பாசிட்டர் காரணமாக இருக்கலாம்.

கெப்பாசிட்டர் மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் பாகம். ஒரே சீரான டி.சி. மின்சாரத்தை இது தடுத்துவிடும். மாறிக்கொண்டே இருக்கும் ஏ.சி. சிக்னலை விட்டுவிடும். பாட்டு என்பது ஏ.சி. சிக்னல்தான். ஆம்ப்ளிபயரில் இதன் மூன்று முக்கிய வேலைகளைப் பார்ப்போம்.

1. பவர் சப்ளை: நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் டயோடுகள் இதை டி.சி.யாக மாற்றும்போது மின்னழுத்தம் வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 2200 அல்லது 4700 மைக்ரோஃபேரட் போன்ற பெரிய கெப்பாசிட்டர், ஏறும்போது சேமித்து, இறங்கும்போது கொடுத்துச் சமப்படுத்துகிறது. நாளடைவில் உள்ளே இருக்கும் திரவம் உலர்ந்தால் அந்த 100 ஹெர்ட்ஸ் இரைச்சலாகக் கேட்கும்.

2. இன்புட்: இங்குள்ள கெப்பாசிட்டர் பாட்டை மட்டும் உள்ளே விடுகிறது. ஆம்ப்ளிபயரின் இன்புட் ரெசிஸ்டன்ஸ் 10 கிலோ ஓம் என்றால், 1 மைக்ரோஃபேரட் போட்டால் சுமார் 16 ஹெர்ட்ஸ் வரை பேஸ் கிடைக்கும். 0.1 போட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறைந்துகொண்டே போகும். மிருதங்கத்தின் இடது பக்கம் எடுபடாது.

3. அவுட்புட்: 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் இயங்கும் ஆம்ப்ளிபயரின் அவுட்புட்டில் பாட்டு இல்லாதபோதும் சுமார் 6 வோல்ட் டி.சி. இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக இணைத்தால் 1.5 ஆம்பியர் வரை பாய்ந்து காயில் சூடாகிக் கருகலாம். இதைத் தடுப்பது நடுவில் உள்ள 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். பிளஸ், மைனஸ் என்று இரட்டை சப்ளை உள்ள ஆம்ப்ளிபயர்களில் பொதுவாக இது இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்யூமை முழுவதும் குறையுங்கள். இரைச்சல் குறையாமல் அப்படியே இருந்தால் பவர் சப்ளை கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம். வால்யூமுடன் சேர்ந்து குறைந்தால் முதலில் ஆடியோ கேபிளையும் எர்த் இணைப்பையும் கவனியுங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் மாற்றியே ஆகவேண்டும்.

மாற்றும்போது அதே மைக்ரோஃபேரட் அளவு, அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ளதை வாங்குங்கள். பக்கவாட்டில் பட்டை உள்ள கால் மைனஸ். திருப்பிப் போட்டால் வெடிக்கக்கூடும்.

ஒரு எச்சரிக்கை: பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. சில ரூபாய் பாகத்தை மாற்றினாலே போதும் என்று தெரிந்துகொண்டு போனால், புது ஸ்பீக்கர் வாங்கும் செலவு மிச்சமாகும்.