சக்கரத்தில் பிறந்த கூரை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் அமைந்துள்ள தட்சிணசித்ரா, தென்னிந்தியாவின் பழைய வீடுகள் பலவற்றை அவை நின்ற ஊர்களிலிருந்து பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பிக் காத்துவரும் திறந்தவெளி அருங்காட்சியகமாகும். டெபோரா தியாகராஜன் நிறுவிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனின் முயற்சியில், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வடிவமைப்பை அடியொற்றி, பென்னி குரியகோஸின் பங்களிப்போடு உருவான இவ்வளாகம், 1996 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

செட்டிநாட்டு வணிகர் வீடும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடும் தம் மரவேலைப்பாட்டால் கண்ணைக் கவர்ந்தாலும், நெசவாளரும் குயவரும் வாழ்ந்த சிறு வீடுகளே கட்டடக் கலையின் அடிப்படையைத் தெளிவாகக் கற்பிக்கின்றன எனலாம். செல்வர் வீட்டின் அறைகளை உறவுமுறையும் சடங்கும் வகுக்க, நெசவாளர் வீட்டின் கூடத்தைத் தறியே அளக்கிறது. நெசவுக்குரிய நெடுக்கிழைகளான பாவினை நீட்டிக் கட்டிக் கஞ்சியிட வீட்டுக்குள் இடம் போதாமையால், தெருவும் அவ்வீட்டின் ஓர் அறையாகிவிடுகிறது.

குயவருக்கும் கட்டடத்துக்குமுள்ள உறவு இன்னும் நெருக்கமானது. ஏரிகள் நிறைந்த செங்கல்பட்டுப் பகுதியில் வண்டல் களிமண்ணுக்குக் குறைவில்லை. அத்தகைய மண்ணைப் பிசைந்து, சக்கரத்தில் ஒரு முனை சற்றே குறுகிய குழாயாக வனைந்து, நெடுக்காகப் பிளந்து சூளையிலிட்டால் இரண்டு நாட்டு ஓடுகள் கிடைக்கும். அவற்றை ஒரு வரிசை மல்லாத்தியும் அடுத்த வரிசை கவிழ்த்தும் அடுக்கும்போது, மழைநீர் வாய்க்கால்போல் வழிந்தோட, இடைவெளிகளின் வழியே வெப்பக் காற்று வெளியேறுகிறது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஆலையின் தட்டையோடுகளும் அவற்றைப் பின்பற்றிய பிற ஆலைகளின் ஓடுகளும் பரவியபின், கூரைக்கென்று வனையும் வேலை குயவர் கையைவிட்டு மெல்ல நழுவியது.

ஜப்பானின் சாகா மாகாணத்திலுள்ள அரிதாவில் இவ்வுறவு தெருவளவில் காக்கப்பட்டுள்ளது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீங்கானுக்கு மூலப்பொருளான வெண்கல் இசுமியாமா மலையில் கண்டறியப்பட்டதிலிருந்து வளர்ந்த அவ்வூர், 1828ஆம் ஆண்டின் பெருந்தீயில் பெரிதும் அழிந்து, அதன்பின் மீண்டும் எழுந்தது. சூளைகளைப் பிரித்தபோது கிடைத்த, நெருப்பும் சாம்பலும் பட்டு மெருகேறிய செங்கற்களையும் உடைந்த சூளைத் துணைப்பொருள்களையும் செம்மண்ணில் பதித்து எழுப்பிய ‘தொன்பாய்’ சுவர்கள் அதன் சந்துகளில் இன்றும் நிற்கின்றன. தனிக் கட்டடங்களை மட்டுமன்றிக் கட்டடத் தொகுதிகளையும் காப்பதற்கு 1975இல் ஜப்பானியச் சட்டம் வழிவகுத்ததால், அரிதாவின் உச்சியாமா பகுதி 1991இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாயிற்று.

இடம்பெயர்த்துக் காப்பது அழிவின் விளிம்பிலுள்ள வீட்டுக்குப் பெரும்பேறு. முட்டுக்காடு அதை அருமையாகச் செய்திருக்கிறது. ஆயினும் பாவு நீண்ட தெருவையும் மண் தந்த ஏரியையும் எந்த அருங்காட்சியகத்தாலும் பெயர்த்துவர இயலாது. இந்தியாவின் 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டம் மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் ரதங்களையும் உறுதியாகக் காத்துவருகிறது. அதே அக்கறையோடு ஒரு குயவர் தெருவைக் காக்க முனைந்தால், வீடுகளோடு சூளையும், வனைந்தவை உலரும் வாசலும், மண்ணெடுக்கும் ஏரியும் ஒரே எல்லைக்குள் வரையப்பட வேண்டும்.