அறிவும் செயலொழுங்கும்
(ஓட்டிசச் சிறார்க்கு ஆசிரியர் செய்யத்தக்கன)

அறிதல் வேறு, அறிந்ததை ஒழுங்குபடச் செய்து முடித்தல் வேறு. செயலைத் திட்டமிடல், சொல்லப்பட்டதை மனத்திலிருத்தல், எழும் உந்தலை அடக்கல், ஒன்றை விட்டு மற்றொன்றிற்கு மாறுதல் என்னும் இவற்றை ஒருங்கே செயலாட்சித் திறன்கள் எனலாம். ஓட்டிசமுடைய சிறார் பலர் இத்திறன்களில் இடர்ப்படுகின்றனர். இடர்ப்பாட்டின் அளவும் வகையும் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும்.

"கணக்குக் கொப்பியை எடு, திகதியை எழுது, மூன்றாம் பயிற்சியைச் செய்" என ஆசிரியர் ஒரே மூச்சிற் கூறுகின்றார். மாணவன் கொப்பியை எடுத்தபின் வாளா இருக்கின்றான். கணக்கறியாதவனோ எனின், அல்லன். செவிவழி வந்த ஏவல் மூன்றனுள் இரண்டு அவன் நெஞ்சினின்றும் நழுவிவிட்டன. இதனை அடங்காமையெனக் கொண்டு தண்டித்தல், பார்வை குன்றியவனைக் கரும்பலகையை வாசித்திலன் என ஒறுத்தலை ஒக்கும்.

1943 ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 சிறாரைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அன்னார் மாறாமையைப் பெரிதும் விழைதல் குறிக்கப்பட்டுள்ளது. பின்னர் அமெரிக்காவில், வட கரோலைனாப் பல்கலைக்கழகத்து எரிக் ஷொப்ளரும் அவர் குழுவினரும் வகுத்த கல்விமுறை 1972 இல் அம்மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. 'ரீச்' எனப்படும் அம்முறையின் உயிர்நிலை, செவிக்குரியதைக் கண்ணுக்குரியதாக்குதல் ஆகும். அன்றைய வேலைகள் படமாகவோ சொல்லாகவோ நிரல்பட மாணவன் முன் வைக்கப்படும். எவ்வேலை, எவ்வளவு, முடிந்ததென்று அறிவது எவ்வாறு, அடுத்தது யாது என்னும் நான்கு வினாக்கட்கும் விடை அவன் கண்முன்னே கிடக்கும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சில அட்டைத் துண்டுகளே போதும். வகுப்பிற்கு ஒரு நேரசூசி சுவரில் உண்டு. இவனுக்கெனச் சிறியதொன்று மேசைமேல் இருக்கட்டும். பெருவேலையைச் சிறு படிகளாக்குக. முடிந்த படியின் அட்டையை அவனே அகற்றுக. ஆசிரியர் வாராமையாலோ மழையாலோ பாடம் மாறுமாயின், மணி அடிக்குமுன்பே அட்டையை மாற்றிக் காட்டுக. மாற்றத்தினும் எதிர்பாராமையே அவனை மிக வருத்துவது.

"இவ்வூன்றுகோலிலேயே பழகிவிடானோ?" என வினவுவாரும் உளர். மணிக்கூடும் நாட்குறிப்பும் இன்றி நம்முள் எத்துணைப்பேர் ஒருநாளை நடத்துகின்றோம்? பறிக்கவேண்டுவது அட்டையையன்று, அதனை எழுதும் வேலையையே நம் கையினின்றும் மெல்ல மெல்ல அவன் கைக்கு மாற்றல் வேண்டும். முதலில் நாம் நிரல்படுத்துவோம். பின் அவனோடு கூடிச் செய்வோம். ஈற்றில் அவனே செய்வான். பிறர் ஏவக் காத்திராது தன் வேலையைத் தானே தொடங்கும் நாள் அவனுக்கு வாய்க்குமாயின், ஆசிரியர் பெறும் பேறு அதனினும் பெரிது யாதுளது?