செங்கல்பட்டு ஜாகீர்

செங்கல்பட்டு ஜாகீர் என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையைச் சூழ்ந்திருந்த ஒரு சிறிய நாட்டுப்புற நிலப்பகுதி ஆகும். பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போர்களில் தமக்குத் துணைநின்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆற்காட்டு நவாப் முகமது அலி இதனை 1763இல் வழங்கினார். முகலாயப் பேரரசர் ஷா ஆலம் 1765இல் இதனை உறுதிப்படுத்தினார். ஒரு பகுதியின் வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையே ஜாகீர் எனப்படும். வடக்கே பழவேற்காட்டு ஏரியின் அருகிலிருந்து தெற்கே பாலாற்றைக் கடந்தும் பரவியிருந்த இப்பகுதியின் பரப்பு 2,000 சதுர மைலுக்கும் கூடுதலானது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், மாமல்லபுரம் ஆகிய ஊர்கள் இதனுள் அடங்கும். கிழக்கே கடல், ஏனைய திசைகளில் பெரும்பாலும் நவாபின் நாடு என்றிருந்ததால், 1801இல் கருநாடகம் முழுவதும் கம்பனியின் கைக்கு வரும்வரை இது ஏறக்குறைய ஒரு தீவைப் போலத் தனித்து நின்றது.

பழைய ஊர் அமைப்பு

கம்பனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை இங்குள்ள ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். வீடுகள், ஏரிகள், தோப்புகள், விளைச்சல், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் இக்கணக்கில் உள்ளன. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இவ்வாவணங்களின் சிறப்பை 20ஆம் நூற்றாண்டில் எடுத்துக்காட்டிய பின்னரே இவை பரவலாக அறியப்பட்டன.

களத்தில் நெல் அளக்கப்படும்போது கோயில், கணக்கர், தலையாரி, நீர் பாய்ச்சுவோர், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார் முதலியோருக்கு உரிய மேரை முதலில் ஒதுக்கப்பட்டது. எஞ்சியதையே அரசும் பயிரிடுவோரும் வாரமாகப் பிரித்துக்கொண்டனர். இவ்வேற்பாட்டின் மேல்தட்டில் இருந்தவர்கள் காணியாட்சி உரிமை பெற்ற மிராசுதார்கள். இவ்வுரிமை குறிப்பிட்ட ஒரு வயலின் மீதான உடைமை அன்று. ஊர் முழுவதிலும் ஒரு பங்கு ஆகும். அப்பங்கை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். மிராசுதாரிடம் நிலம் பெற்றுப் பயிரிட்டவர்கள் பாயக்காரிகள் எனப்பட்டனர். இவர்கள் அனைவருக்கும் கீழே, சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்கள் இருந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் பறையர். இவர்களுக்கும் களத்தில் நெல் உண்டு, ஆனால் ஊரில் பங்கு இல்லை. பழைய அமைப்பைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இதனைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

போரும் பிளேசின் ஆட்சியும்

கம்பனி தொடக்கத்தில் ஜாகீரை நவாபிடமே குத்தகைக்கு விட்டிருந்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு இப்பகுதியைப் பாழாக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பனியின் படையொன்று முற்றாகத் தோற்றது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் தூர்ந்தன. அதே ஆண்டில் கம்பனி நிருவாகத்தை நேரடியாக ஏற்றது.

1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ், பாழடைந்த ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகம் ஏரி உடையாமல் இராமர் காத்ததாகவும், அதனைக் கண்ட பிளேஸ் தாயார் சன்னதியைத் திருப்பணி செய்ததாகவும் ஏரிகாத்த இராமர் கோயிலில் ஒரு மரபு வழங்குகிறது. வரிவசூலில் அவர் கடுமையானவர். அவர் விதித்த நிபந்தனைகளை ஏற்காத மிராசுதார்களை நீக்கிவிட்டுப் பாயக்காரிகளிடம் நிலத்தை ஒப்படைக்க முற்பட்டார். பழைய மானியங்களையும் குறைத்தார். மிராசுதார்கள் எதிர்த்தனர். நிலத்தை விட்டு வெளியேறுவதே அக்காலத்தில் அவர்களிடம் இருந்த வலிமையான கருவி ஆகும். ஆள் இல்லாத நிலம் அரசுக்குப் பயன்படாது.

நில உரிமையின் மாற்றம்

1802இல் வங்காளத்து நிலையான வரித்திட்டம் இங்கும் புகுத்தப்பட்டது. ஜாகீர் 61 மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டது. வாங்கியவர்களுள் பலரால் சில ஆண்டுகளிலேயே வரி கட்ட இயலவில்லை. பின்னர் ஊர்க்குத்தகை முறையும், அதன்பின் ஒவ்வொரு பயிர்செய்வோரிடமும் தனித்தனியே வரி பெறும் இரயத்துவாரி முறையும் வந்தன. நெல்லில் இருந்த பங்கு பணமாயிற்று. ஊர்ப்பங்கு பட்டாவாக மாறியது.

ஆயினும் மிராசு உரிமை மறையவில்லை. மிராசு குறித்த 17 கேள்விகளுக்குச் சென்னை ஆட்சியர் எல்லிஸ் எழுதிய விடைகள் 1818இல் அச்சாயின. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய அதே எல்லிஸ் இவர். தமிழ் ஆவணங்களைக் கொண்டு மிராசு தொன்மையான உரிமை என நிறுவ இந்நூல் முயன்றது. இதன் விளைவாக, ஊரின் தரிசு நிலத்தை யாரேனும் கேட்டால் மிராசுதாருக்கே முதலுரிமை என்ற நடைமுறை நெடுங்காலம் நீடித்தது. 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை மறுத்தபோதும், தரிசு கூடக் கிடைக்காத பண்ணையாளுக்கு அதனால் பெரும்பயன் விளையவில்லை.

இந்நிலையை அரசின் முன் வைத்தவர் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர். குடியிருக்கும் மனை கூடப் பறையர்களுக்குச் சொந்தமில்லை என்பதை 1891இல் அவர் விரிவாக எழுதினார். 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்கள் வழங்கப்பட்டன. அவை பிறரிடம் கைமாறாதிருக்க நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. இவையே பஞ்சமி நிலங்கள் எனப்படுகின்றன.

கடற்கரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தரின் துறையாக இருந்து, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு வந்தது. 1805இல் உப்பு கம்பனியின் தனியுரிமையாக்கப்பட்டதால், கோவளம், கேளம்பாக்கம் போன்ற உப்பளப் பகுதிகளும் அரசின் பிடிக்குள் வந்தன. 1876–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக விரிவாக்கப்பட்ட பக்கிங்காம் கால்வாய் இக்கரையின் உப்பையும் விறகையும் சென்னைக்குக் கொண்டுசென்றது. கல்பாக்கம் அணுமின் நிலையம் 1984இல் வணிக முறையிலான மின்னுற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் மாமல்லபுரச் சின்னங்கள் உலகப் பாரம்பரியக் களமாயின. பின்னர்க் கிழக்குக் கடற்கரைச் சாலையும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வந்தபோது, யாரும் கேட்காதிருந்த தரிசுக்கும் விலை ஏறியது.

அண்மைக் காலம்

1980இல் தமிழக அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்துக் கிராம நிருவாக அலுவலர்களை அமர்த்தியது. 1997இல் செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகியது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகியது.

பஞ்சமி நிலங்களுள் பல நிபந்தனைகளை மீறிக் கைமாறியிருந்தன. செங்கல்பட்டுப் பகுதியைச் சேர்ந்த காரணை என்னும் ஊரில் அத்தகைய நிலத்தை மீட்க முயன்றோர் அங்கு அம்பேத்கர் சிலையை நிறுவினர். சிலை அகற்றப்பட்டதை எதிர்த்து 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அதில் இருவர் இறந்தனர்.